நற்சான்று

இந்த இதழில் இரண்டு முறை கவிதை எழுதியிருக்கும் ஒருவனைப் பற்றி நம்மிடையே ஒரு பேச்சு இருந்துவருகிறது. வளைகுடாவில் வேலை பார்க்கிறவன், அங்கே ஒரு தமிழ்ச் சங்கத்தில் பொருளாளராக இருந்தபோது, இறந்துபோன ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கென்று வசூலித்த பணத்தைச் சாப்பிட்டுவிட்டான் என்பது அந்தப் பேச்சு. பேச்சு என்று சொல்வதுகூடச் சரியில்லை. யாரும் இதை எடுத்துவைத்துப் பேசுவதில்லை. வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவே ஒரு கண்சிமிட்டலாக வந்து போகிறது. சென்ற வருஷம் மதுரையில் ஒரு சந்திப்பில் அவன் கவிதையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, 'கவிதையில் மட்டுமில்லை, அவருக்குக் கணக்கிலும் யாப்பு கிடையாது' என்றார் ஒரு விமர்சகர். நல்ல வாசகம். ஒரு மனிதனை முடித்துவிட அது போதும். சிரித்தவர்களில் பாதிப் பேர் இந்த இதழின் சந்தாதாரர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அவசியமில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு அவனைப் பரிச்சயம். திருச்சுழியைத் தாண்டி, குண்டாற்றுக்கு அப்பால் உள்ள ஊர். ஆறு என்று பெயரே தவிர வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். கரிசலில் மானாவாரியாகப் பருத்தியும் உளுந்தும் மல்லியும் போடுவார்கள். மழை ஏமாற்றிய வருஷம் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பார்கள். மழை பெரும்பாலும் ஏமாற்றும். கரிமூட்டத்துப் புகையில் வளர்ந்தவன் 2013இல் வட்டிக்கு வாங்கிய பணத்தில் விமானம் ஏறினான். அங்கே ஒரு கிட்டங்கியில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. நான் அருப்புக்கோட்டையில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். அவன் அனுப்பும் பணம் எங்கள் கிளைக்கு வரும். கவிதைகள் என் வீட்டுக்கு வரும்.

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களை இங்கே இருந்துகொண்டு பரிகாசம் செய்வது சுலபம். பொங்கல் விழா, பட்டிமன்றம், வந்த நடிகருக்குப் பொன்னாடை, மலர், மலரில் தலைவரின் முழுப்பக்கப் படம். நானும் பரிகாசம் செய்திருக்கிறேன், இனியும் செய்வேன். ஆனால் அங்கே ஒருவன் திடீரென்று இறந்துபோனால் ஆஸ்பத்திரிக்கும் தூதரகத்துக்குமாக அலைந்து, காகிதங்களில் முத்திரை வாங்கி, பெட்டியை விமானத்தில் ஏற்றிவிடுகிறவர்கள் இந்தப் பொன்னாடைக்காரர்கள்தான். ஊர்ப் பெரியவர், போலீஸ் ஸ்டேஷன், சொந்தபந்தம் எல்லாவற்றுக்கும் பதிலாக அந்த மண்ணில் இருப்பது ஒரு சங்கமும் அதன் ரசீதுப் புத்தகமும். அதனாலேயே அதற்குள் வரும் சண்டை விஷமாகிவிடுகிறது. ஊரில் இருப்பவனுக்கு அடையாளங்கள் பல: இன்னார் மகன், இன்ன தெரு, இன்ன கடையில் பற்று வைத்திருப்பவன். ஒன்று கெட்டாலும் மற்றவை தாங்கும். போன இடத்தில் இருப்பது ஒரே ஒரு பெயர். அதை ஒருமுறை கெடுத்துவிட்டால் போதும்.

இவன் சங்கத்தில் 2021வாக்கில் இரண்டு கோஷ்டிகள் தோன்றின. காரணம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள்: மாவட்டம், சாதி (இதை யாரும் சொல்ல மாட்டார்கள்), தூதரக அதிகாரி வரும்போது மேடையில் யாருக்கு நாற்காலி. இவன் எந்தக் கோஷ்டியிலும் இல்லை. பொருளாளர் பதவியில் இருப்பவன் எந்தக் கோஷ்டியிலும் இல்லாமலிருப்பது இரண்டு கோஷ்டிக்கும் பொறுக்காத விஷயம்.

அவன் அறையில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் இருந்தார். அவர்களுக்கும் அங்கே ஒரு சகோதர சங்கம் உண்டாம். அதுவும் அந்தச் சமயத்தில்தான் உடைந்ததாம், ஏறக்குறைய இதே நாற்காலிக் காரணத்தால். இவன் ஆச்சரியத்தோடு எழுதியிருந்தான். எனக்கு ஆச்சரியமில்லை. அவர்களுடைய மகாபுருஷர் ஹோஸே ரிஸாலுக்கே அது நடந்திருக்கிறது. 1891இல், மாட்ரிட்டில் குடியிருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்களுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடினார்கள். ரிஸால் ஒரு பக்கம், மார்ஸெலோ தெல் பிலார் ஒரு பக்கம். பலமுறை வாக்கெடுத்து ரிஸால் ஜெயித்தார். ஜெயித்த கையோடு பதவி வேண்டாமென்று ஊரை விட்டே கிளம்பிவிட்டார். ரிஸாலின் ஆப்த நண்பர் பெர்டினாண்ட் புளூமென்ட்ரிட், பொஹீமியாவில் லைட்மெரிட்ஸ் என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியர். பிலிப்பைன்ஸை ஆயுளில் கண்ணால் கண்டதில்லை. ரிஸாலை நேரில் சந்தித்தது 1887இல் ஒரே ஒரு தடவை. 'நோலி மே தாங்கெரே' நாவல் தாக்கப்பட்டபோது அதை ஆதரித்து எழுதினார். நண்பர் எழுதுவதை நிறுத்திவிட்ட 'லா ஸோலிதாரிதாத்' பத்திரிகைக்குத் தாம் தொடர்ந்து எழுதினார். நண்பருக்காகப் பேசவேண்டுமென்றால் நண்பருடைய எதிரிகளைத் தாமும் எதிரியாக்கிக்கொள்ள வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவருக்கு இல்லை. சிற்றூர் மேஜை ஒன்றிலிருந்து தூரதேசத்துச் சண்டைக்குக் கடிதம் எழுதிய இந்த மனிதர் மேல் எனக்கு ஒரு ஈர்ப்பு உண்டு.

நம் பக்கத்திலும் உண்டு. 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது இருந்தவர்கள் ஏழே பேர். அவர்களில் ஒருவர் சென்னைக்காரர், எம்.பி.டி. ஆச்சார்யா. சில மாதங்களுக்குள் எம்.என். ராயோடு மோதல் முற்றி வெளியேற்றப்பட்டார். ஏழு பேரில் ஒருவர்! 1954இல் பம்பாயில் வறுமையில் இறந்தார். நம்மில் பெரும்பாலோர் அவரை எதிராளியின் நினைவுக் குறிப்புகளில்தான் சந்திக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் அங்கே மாரடைப்பில் இறந்தார். சங்கம் வசூல் செய்தது. வசூலான மொத்தத் தொகை சங்கத்து மலரிலேயே அச்சாகியிருக்கிறது. பணம் பொருளாளர் கையில். அது நான்கு மாதத்துக்கு மேல் குடும்பத்துக்குப் போய்ச்சேரவில்லை. இவ்வளவும் உண்மை, குற்றம் சாட்டியவர்கள் இவற்றைக் கற்பனை செய்யவில்லை. பொதுப்பணம் எங்கே என்று கேட்பதும் அவர்கள் உரிமை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நான் ஒருபோதும் திட்டமாட்டேன். பதிலுக்குக் காத்திராமல் அதை ஊர் ஊராக அனுப்பிவைத்தவர்களைப் பற்றி வேறு அபிப்பிராயம் உண்டு.

தாமதத்தின் காரணம் இது. அந்தப் பெண் பெயரில் ஒரு கணக்கு இருந்தது, திறந்ததோடு சரி. இரண்டு வருஷம் வாடிக்கையாளர் வரவு செலவு செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். உயிர்ப்பிக்க அடையாளக் காகிதங்கள் வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். எங்கள் பக்கத்தில் பெண்களுக்குப் பிறந்த வீட்டில் ஒரு பெயரும் புகுந்த வீட்டில் ஒரு பெயரும் இருப்பது சகஜம். கம்ப்யூட்டருக்கு அது சகஜமில்லை. திருத்தத்துக்கு அலைந்து காகிதம் வந்துசேர மாதங்கள் ஆயின. இதற்கிடையே புருஷன் வழி உறவுக்காரர் ஒருவர், தன் கணக்கு தயாராக இருக்கிறது, அதற்கே அனுப்பிவிடலாம் என்று சங்கத்துக்குச் சொல்லியனுப்பினார். ஒரு கோஷ்டி அதற்குச் சம்மதம். இவன் மறுத்தான். 'அந்த அம்மா பேருக்குத்தான் அனுப்புவேன்' என்றான். உறவுக்காரருக்குக் கோபம். அந்தக் கோபம் கடல் தாண்டிப் போய்ச் சங்கத்தில் ஏற்கெனவே இருந்த கோபத்தோடு கலந்துகொண்டது.

பிறகு ஒருநாள் பணம் வந்தது. மலரில் அச்சான தொகையும் அன்றைய மாற்று விகிதமும் போட்டுப் பார்த்தால் ஒரு பைசா குறையவில்லை. அனுப்பும் கட்டணத்தைத் தன் கையிலிருந்து போட்டதாக அவன் சொன்னான். அது அவன் சொன்னது. வரவு நான் பார்த்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வங்கிக்காரன் மறக்கக்கூடாது, விமர்சகனும்தான்.

பார்த்ததைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்ல முடியாது. 1969இல் தேசியமயமான வங்கிகளுக்கான 1970ஆம் வருஷத்துச் சட்டத்தில் 13ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளர் விவகாரங்களை வெளியிடமாட்டேன் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். எங்கள் பரீட்சைகளில் தவறாமல் வரும் ஒரு வழக்கும் உண்டு. இங்கிலாந்தில் டூர்னியர் என்பவருக்கு வங்கியில் 9 பவுன் சொச்சம் பாக்கி. அவருடைய காசோலை ஒன்று பந்தயக்காரர் கணக்குக்குப் போயிருப்பதைப் பார்த்த மானேஜர், அவருடைய முதலாளிக்கு டெலிபோன் செய்தபோது அதைச் சொல்லிவிட்டார். டூர்னியருக்கு வேலை போயிற்று. அப்பீல் கோர்ட், வங்கிக்காரன் வாய் திறக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் நான்கே என்று வகுத்தது: சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுமக்களுக்கான கடமை இருந்தால், வங்கியின் சொந்த நலனுக்குத் தேவைப்பட்டால், வாடிக்கையாளர் சம்மதித்தால். நண்பனின் மானம் ஐந்தாவதாக அதில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. கணக்கைப் பற்றி வெளியே சொல்லி ஒருவன் பெயரைக் காப்பாற்றலாம் என்றால், அதே வாயால் இன்னொருவன் பெயரைக் கெடுக்கவும் செய்யலாம்.

நான்காவது வழி ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெண் பாஸ்புக்கில் பதிவு போட வந்தபோது கேட்டேன். அவர் பாஸ்புக்கை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, 'வேணாம் சார். அவுகளுக்கு இம்புட்டு ரூவா இருக்குன்னு தெரிஞ்சா நாளைக்கே வாசல்ல வந்து ஒக்காந்துக்குவாக. எம் புள்ளைக படிக்கணும்' என்றார். பணம் வந்துவிட்டது என்றாவது சொல்லலாமா என்றேன். அதையும் வேண்டாம் என்றார். அவனிடம் சொன்னேன். இரவு டெலிபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, 'விடு மாப்ள. அந்தம்மா சொல்றதுதான் சரி. என் பேரு என்ன, அதுல வட்டியா வருது' என்றான்.

திருச்சுழியில் பிறந்த ரமணரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். பழைய நிர்வாகி ஒருவர் விரோதம் கொண்டு அவரைத் தாக்கிப் புத்தகம் அச்சிட்டபோது, இதை ஆசிரம வாசலிலேயே வைத்து விற்கலாமே என்றாராம். பக்தர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அழகான பதில்தான். ஆனால் கோவணத்தோடு உட்கார்ந்துவிட்டவருக்குப் பெயர் கெட்டால் போவது ஒன்றுமில்லை. மாதாமாதம் பணம் அனுப்பவேண்டிய கிட்டங்கிக் கணக்குப்பிள்ளைக்குப் பெயர் கெட்டால் வேலை போகும். அவன் ஞானியாக இருந்து அப்படிச் சொல்லவில்லை. ஒரு பெண் கேட்டுக்கொண்டதற்காக, கூலி கொடுத்துச் சொன்னான்.

சங்கம் என்னிடம் கடிதம் கேட்டது. நான் எழுதியது நான்கு வரி. இவர் என் நண்பர்; இவர் அந்தப் பணத்தில் தவறு செய்யவில்லை என்று எனக்குத் தெரியும்; எப்படித் தெரியும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை; ஆகவே இதை ஆதாரமாகக் கொள்ளவேண்டியதில்லை, என் பெயரை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். அதைக் கூட்டத்தில் படித்தார்களாம், சிரித்தார்களாம். வேறு மாதிரி எழுதியிருக்கலாம் என்று நம்மவர் ஒருவர் சொன்னார்: அவன் எப்படி வளர்ந்தான், எத்தனை பேருக்கு உதவியிருக்கிறான், எத்தனை நல்ல கவிதை எழுதியிருக்கிறான் என்று இரண்டு பக்கம். எனக்கு அது சம்மதமில்லை. ஏன் என்பதற்கு நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு விவகாரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

லண்டனில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் தொடங்கிய இந்தியா ஹவுஸில் திருச்சிப் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து பழகினார்கள். ஒருவர் வரகனேரி வ.வே.சு. ஐயர், பாரிஸ்டர் படிப்புக்குப் போனவர். மற்றவர் ஸ்ரீரங்கத்து டி.எஸ்.எஸ். ராஜன், டாக்டர் படிப்புக்குப் போனவர். அந்த விடுதியும் சந்தேகங்களால் அரிக்கப்பட்ட ஸ்தாபனம்தான். நண்பர்களுக்குள்ளேயே உளவாளிகள் இருந்தார்கள். அங்கே உண்டான சிநேகம் சாதாரண சிநேகமாக இருந்திருக்க முடியாது. ஐயர் 1910இல் மாறுவேஷத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து பத்து வருஷம் அஞ்ஞாதவாசம் மாதிரி இருந்தார். குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். பெல்லாரி சிறையில் கம்பனைப் பற்றி எழுதினார். பிறகு சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார்.

1925இல் அந்தக் குருகுலத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி சின்னஞ்சிறியது. இரண்டு பிராமணப் பையன்கள் மற்றவர்களோடு பந்தியில் உட்காருவதில்லை. ஏன்? தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்த ஸ்தாபனம் அது. கேட்டவர்களில் முன்னே நின்றவர்கள் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வே. ராமசாமியும். பையன்களின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். காந்தி வரை போயிற்று. ஏப்ரல் கடைசியில் திருச்சியில் கூடிய கமிட்டி, தேசிய வாழ்வில் பங்குகொள்ளும் ஸ்தாபனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்ற கருத்தில் தீர்மானம் போட்டது. அதையொட்டி ராஜாஜி முதலானோர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ராஜனும் விலகினார். ஜூன் முதல் வாரத்தில் பாபநாசம் அருவியில் மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார். அந்த நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் ஈ.வே.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

ஐயருக்காகப் பேசுகிறவர்கள் அன்றிலிருந்து இன்றுவரை என்ன சொல்லி வருகிறார்கள்? தியாகி, பன்மொழிப் புலவர், சிறுகதை முன்னோடி, மகளுக்காக உயிரைக் கொடுத்தவர். எல்லாம் உண்மை, எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் கேட்டது பந்தியைப் பற்றி. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்றால், பொதுப்பணத்தை வாங்கிய கையும் ஒரு வாக்குக் கொடுத்ததுதான். இரண்டில் எது முந்தியது என்பதே கேள்வி. அதற்குக் கம்பராமாயணக் கட்டுரை பதிலாகாது, அருவியும் பதிலாகாது. ராஜன் பின்னாளில் ஐயரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் கமிட்டியை விட்டு விலகியதில் எவ்வளவு லண்டன் சிநேகம், எவ்வளவு கோஷ்டி அரசியல் என்று பிரித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் நண்பனுக்குத் தோள் கொடுப்பது கேள்வியை நசுக்குவதாக முடிந்துவிடலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் நம் சரித்திரத்தில் எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அந்த இரண்டு பக்கத்தை எழுதவில்லை. பணம் எங்கே என்று கேட்டவர்களிடம் அவன் நல்லவன் என்று சொல்வது பதிலாகாது. நல்லவன் பணம் எடுத்ததுண்டு. அயோக்கியன் கணக்கைச் சரியாக ஒப்படைத்ததும் உண்டு. இலக்கிய விமர்சனத்தில் நாம் நாற்பது ஐம்பது வருஷமாகப் போராடியது எதற்காக? ஆசிரியரின் சீலத்தைச் சொல்லிப் படைப்பைத் தூக்காதே என்பதற்குத்தானே. படைப்பைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்கிற நாம், மனிதனைப் பொறுத்தவரை மறுபடி நற்சான்றிதழ் எழுதவும் கிழிக்கவும் உட்கார்ந்துவிடுகிறோம். யாப்பு வாசகம் சொன்னவர் கவிதையை நிறுக்கக் கணக்கைத் தராசில் வைத்தார். அவர் நமக்குள் கறாரான விமர்சகர் என்று பெயரெடுத்தவர் என்பது வேறு.

இப்போது ஏன் எழுத முடிகிறது என்று கேட்கலாம். இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பெண் கவுண்ட்டருக்கு வந்தார். கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் மீதி. பணம் இப்போது பணமாக இல்லை: ஏஜென்ட் கடன் அடைந்துவிட்டது, மூத்த பெண் நர்ஸிங் படிக்கிறாள், வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. 'இனிமே யாரு வந்து ஒக்காந்தாலும் எடுத்துட்டுப் போக ஒண்ணுமில்ல சார். அந்த அண்ணன் பேரு எனக்காகக் கெட்டுக் கெடக்கு. எழுதிக்கங்க' என்றார். கையெழுத்துப் போட்டு ஒரு காகிதமும் கொடுத்தார். அது என்னிடம் இருக்கிறது. அப்படியும் உறவு, வேறு சில விவரங்கள் சிலவற்றை மாற்றியே எழுதியிருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு யாரும் அந்த வீட்டைத் தேடிப்போக முடியாது.

சங்கம் இப்போது இரண்டாகிவிட்டது. இந்த வருஷம் இரண்டும் ஒரே நாளில் பொங்கல் கொண்டாடின. இரண்டு மலரும் எனக்கு வந்தன, காகிதம் உயர்தரம். அவன் எதிலும் இல்லை. கிட்டங்கி வேலை எப்படியோ தப்பியது. அவனுடைய புதிய கவிதைகள் மூன்று இந்த இதழின் ஆசிரியரிடம் இருக்கின்றன. இரண்டாவது கவிதையின் கடைசி ஆறு வரி அநாவசியம் என்பது என் அபிப்பிராயம். அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.